நம்ம ஊர்க் கணக்குகளை ஒரு தொகுப்பாகச் சேர்க்கலாமா? மாங்கூழ், கிரானைட், ஷிப்ட்... சால்வர் ஓட்டுகிறவர்கள் வாருங்கள்

கூழ்லைன்_கிரி · ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தினசரித் திட்டம் போடுவது என் வேலை. சீசன் வந்துவிட்டால் ராத்திரி பூராவும் பெங்களூரா லோடு வந்துகொண்டே இருக்கும். எந்த லோடைப் பழுக்க வைக்கும் அறைக்கு அனுப்புவது, எது நாளைக்கே லைனில் ஏற வேண்டும், அல்போன்சா ஓட்டிய லைனை பெங்களூராவுக்கு மாற்றினால் கழுவ எவ்வளவு நேரம் போகும், டிரம் கையிருப்பு எத்தனை, இதையெல்லாம் முழு எண் மாறிகள் போட்ட மாடலாக எழுதி, சால்வரில் (கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட நல்ல திட்டத்தைத் தேடித் தரும் மென்பொருள்) ஓட்டி, விடிகாலை 5 மணிக்குள் ஷிப்ட் சூப்பர்வைசர் கையில் தாளாகக் கொடுக்கிறேன். மூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு.

போன சீசனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைத் தொடங்கியதே அதனால்தான். இணையத்தில் ஒரு ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து, அதில் மேலே இருந்த சால்வருக்கு மாறினோம். பழைய சால்வர் 6 நிமிஷத்தில் நல்ல திட்டம் தந்த அதே கணக்குக்குப் புதியது 50 நிமிஷம் ஆகியும் ஒரு திட்டம்கூடத் தரவில்லை. வாசலில் டிராக்டர் வரிசை. பழம் காத்திருந்தால் அடியில் இருப்பது நசுங்கும், எடை இறங்கும், அந்த நஷ்டம் போய் விவசாயி தலையில்தான் விழும். அன்றைக்குப் பேனாவும் தாளுமாகத் திட்டம் போட்டேன்.

அட்டவணையில் பொய் எதுவும் இல்லை, அதில் இருந்த கணக்குகளில் அந்த சால்வர் நிஜமாகவே வேகமானதுதான். எங்கள் கணக்கு மாதிரி ஒன்று அங்கே இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, தப்பு அங்கேதான். சால்வர்களைச் சோதிக்க முழு எண் கணக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் மிப்லிப் தொகுப்பு 1992-இல் தொடங்கியது, இப்போது நாம் எடுப்பது 2017 பதிப்பு. அதற்கு வந்து சேர்ந்தவை 5,721 கணக்குகள், சலித்து எடுத்தது 1,065, அதிலும் வேகம் அளக்க என்று தனியாக வைத்தது 240. சால்வர் எழுதுகிறவர்கள் ஒரு வரி மாற்றினாலும் இந்த 240-ஐ ஓட்டித்தான் பார்ப்பார்கள். அங்கே இல்லாத வகைக் கணக்கு அவர்கள் கண்ணில் படவே படாது. நாமும் கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டு, நம்ம கணக்கு ஓடவில்லையே என்று வருத்தப்பட்டு என்ன செய்ய?

அதனால் கேட்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் இந்த வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று கணக்குகள் தந்தால் ஒரு பொதுத் தொகுப்பு ஆகிவிடும். நான் ஐந்து நாள் கூழ்த் திட்டத்தைத் தரத் தயார், ஆலையில் வாயால் சம்மதம் வாங்கிவிட்டேன். எந்த வடிவத்தில் கொடுப்பது, எதை மறைப்பது, எதை மறைக்கக்கூடாது, பதிலைச் சரிபார்ப்பது எப்படி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தர்மபுரி_கணிதம் · ஞாயிறு, இரவு 11.05

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாக இருந்தேன். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் ஓ.ஆர். (செயல்பாட்டு ஆராய்ச்சி) பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் ஃபைல் நெட்லிப் என்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்கும் அஃபிரோ என்ற சின்னக் கணக்கு. 27 கட்டுப்பாடு, 32 மாறி, பதில் மைனஸ் 464.75. 1985-இல் டேவிட் கே என்பவர் எல்.பி. (நேர்கோட்டு மாடல்) கணக்குகளை ஒரே இடத்தில் சேர்த்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். இன்றைக்கும் எல்.பி. தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைப் புதிதாக நிரலாக எழுதுகிறவர் முதலில் அதைத்தான் ஓட்டுவார், பதில் வந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

தொகுப்பு என்றால் என்ன என்பதற்கு என் மனதில் எப்போதும் வருவது இன்னும் பழையது. 1963-இல் ஃபிஷரும் தாம்ப்சனும் அச்சில் கொடுத்த பத்து வேலை, பத்து மெஷின் கணக்கு. அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் எண்கள்தான். எல்லா வேலையையும் மொத்தம் 930 நேர அலகுக்குக் கீழே முடிக்க முடியாது என்பதை கார்லியேயும் பின்சனும் 1989-இல் நிரூபிக்கும்வரை 26 வருஷம் அது ஆட்களைத் தூங்கவிடவில்லை. இன்று ஜாப் ஷாப்புக்கு (இப்படி வேலைகளை மெஷின்களில் வரிசைப்படுத்தும் கணக்கு) நாம் பயன்படுத்தும் பல யோசனைகள் அந்த அரைப் பக்கத்தோடு மல்லுக்கட்டியதில் வந்தவை. பெரிய ஃபைல்தான் நல்ல ஃபைல் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். மிப்லிப்பிலேயே மார்க்ஷேர் என்று ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் ஒன்றுக்கு 6 கட்டுப்பாடும் 62 மாறியும்தான், அதை வைத்துக்கொண்டு சால்வர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

என் பங்குக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கணக்கோடும் மூன்று விஷயம் கட்டாயம் வர வேண்டும். ஃபைல், இதுவரை கிடைத்ததில் நல்ல பதில் (மாறிகளின் மதிப்போடு, வெறும் தொகை போதாது), அப்புறம் இது எங்கே எதற்காகப் பிறந்த கணக்கு என்று தமிழில் ஒரு பத்தி. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து 'சி 417' என்ற மாறி டிரம்மா, லோடா, மணி நேரமா என்று யாருக்கும் தெரியாமல் போனால் அந்த ஃபைலை வைத்துப் பாடம் நடத்த முடியாது.

பர்கூர்_கல் · திங்கள், காலை 7.15

நல்ல முயற்சி, நானும் வருகிறேன், ஆனால் ஒரு சிக்கல். எங்கள் கிரானைட் யார்டில் பாரடைசோ என்ற கிரானைட் வகை ஸ்லாபை ஆர்டருக்கு வெட்டும் கணக்கு இருக்கிறது. கல்லை ஸ்லாபாக அறுக்கும் கேங்சா மெஷினில் இருந்து வந்த ஸ்லாபில் எந்த ஆர்டரை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்பதுதான். ஓனர் சொல்கிறார், "அளவு வெளியே போனால் எந்தப் பார்ட்டிக்கு ஓட்டுகிறோம் என்று பக்கத்து யார்டுக்குத் தெரிந்துவிடும்." அவர் பயம் நியாயம்தான்.

அதனால் நேற்று ராத்திரியே ஒன்று செய்து பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டர் அளவையும் நாலைந்து சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்துக் கண்டபடி மாற்றி ஃபைல் போட்டேன். அசல் கணக்கு 40 நிமிஷம் இழுக்கும். மாற்றியது 2 வினாடியில் முடிந்துவிட்டது! இதைக் கொடுத்தால் பிரயோஜனம் உண்டா?

பாலக்கோடு_கோடர் · திங்கள், காலை 8.30

அண்ணா, அதைக் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று கையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஸ்லாப் நீளம் 300 சென்டிமீட்டர், ஆர்டர் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிளேடு தின்னும் கனத்தை இப்போதைக்கு விடுவோம். 60 அளவில் ஐந்து துண்டு அச்சாக உட்காரும், கழிவு பூஜ்யம். அதையே 61.3 ஆக்கினால் நாலுதான் வரும், 54.8 மிச்சம். அசலில் 60, 90, 150 என்று ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் அளவுகள், அதனால் ஒரே கழிவு வரும் வெட்டு முறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், சால்வர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றல்தான் உங்கள் 40 நிமிஷம். அளவைக் கலைத்தபோது அந்தப் பொருத்தம் போய்விட்டது, கூடவே கஷ்டமும் போய்விட்டது. கணக்கின் உயிரே அங்கேதான் இருந்தது.

எல்லா நீளத்தையும் ஒரே எண்ணால் பெருக்குங்கள். 1.7 என்றால் 300 போய் 510, 60 போய் 102, இப்போதும் ஐந்துதான். பொருத்தம் ஒன்றும் மாறாது. ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் பெருக்காதீர்கள், அது முழு எண், அதன் சின்னப் பெரிய வித்தியாசமும் கணக்கின் குணத்தில் சேர்த்தி. பார்ட்டி பெயர், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வரிசையைக் கலைத்து க1, க2 என்று பெயர் வையுங்கள். ஆனால் ஓனரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்லாப் நீளம் தெரிந்த ஆள் யாராவது மெனக்கெட்டால் 1.7 என்பதைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். மறைக்க நல்ல வழி பழைய ஆர்டரைக் கொடுப்பதுதான்.

பர்கூர்_கல் · திங்கள், காலை 10.50

சரி தம்பி, புரிந்தது. ஓனரிடம் பேசினேன், இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆர்டர் என்றால் எடுத்துக்கொள் என்றார். எழுதியும் தருகிறாராம்.

கூழ்லைன்_கிரி · திங்கள், மதியம் 1.20

எழுத்தில் வாங்குவது ரொம்ப முக்கியம், நானும் இந்த வாரம் வாங்கிவிடுகிறேன். உரிமம் என்று வரும்போது, கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் சொல்லிவிட்டு யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற வகையே போதும் என்று நினைக்கிறேன். சால்வர் விற்கும் கம்பெனிக்காரர்களும் எடுக்கட்டும், அவர்கள் ஓட்டினால்தானே நமக்கு லாபம்.

ஐந்து ஃபைலையும் ஏற்றியிருக்கிறேன், பாருங்கள்.

பாலக்கோடு_கோடர் · திங்கள், இரவு 10.15

அண்ணா, மூன்றாவது ஃபைலை நிதானமாகப் பார்த்தேன். ஒரு விஷயம் இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'லைன் 2 இன்று ஓடுகிறதா' என்பதற்கு 0 அல்லது 1 என்று ஒரு மாறி வைத்திருக்கிறீர்கள். கூடவே 'லைன் 2-இல் போகும் பழம் ≤ 10,00,000 × ஓடுகிறதா' என்று ஒரு கட்டுப்பாடு. அளவெல்லாம் டன்னில். பல சால்வர்களில் ஒரு மாறி முழு எண்ணுக்கு 0.00001 தூரத்தில் இருந்தாலே முழு எண் என்று ஏற்றுக்கொண்டுவிடும். அப்படியானால் 'ஓடுகிறதா' 0.00001 என்று வந்தால் சால்வரைப் பொறுத்தவரை லைன் மூடியிருக்கிறது. 10 லட்சத்தை அதால் பெருக்கினால் 10. மூடிய லைனில் 10 டன் மாம்பழம் ஓடுகிறது! நீங்கள் கொடுத்த பதிலில் அப்படியே இருக்கிறது, லைன் 2 மூடல், ஆனால் 9.6 டன். உங்கள் லைன் ஒரு நாளில் தாங்குவது 60 டன் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். 10 லட்சத்துக்குப் பதில் 60 போட்டால் ஒழுகக்கூடியது அதிகபட்சம் 600 கிராம்.

கூழ்லைன்_கிரி · திங்கள், இரவு 10.40

தம்பி, கை நடுங்குகிறது. சில நாள் சூப்பர்வைசர் வந்து, "தாளில் சொன்ன டன்னும் லைனில் போன டன்னும் சேரவில்லையே" என்று கேட்பார். எடைமேடையில் தப்பு என்றே மூன்று வருஷமும் நினைத்திருந்தேன்.

உடனே திருத்தி ஏற்றிவிடட்டுமா?

தர்மபுரி_கணிதம் · திங்கள், இரவு 11.30

திருத்துங்கள், ஆனால் பழையதை அழிக்காதீர்கள். இரண்டும் இருக்கட்டும். பழையது 'எண் தடுமாற்றம் உள்ளது' என்ற அடையாளத்தோடு ஒரு பக்கம், 60 போட்டது வேகம் அளக்கும் பக்கம். மிப்லிப்பிலும் தடுமாறும் கணக்குகளுக்குத் தனி அடையாளம் போட்டு, வேகம் அளக்கும் 240-இல் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். வேகப் பந்தயத்தில் அது கலந்தால், பொய்யான பதிலைச் சீக்கிரம் தந்த சால்வர் முதலிடம் வாங்கிவிடும். ஆனால் தொகுப்பில் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஆலையில் உட்கார்ந்து அவசரத்தில் மாடல் எழுதுகிற மனிதர்கள் எழுதுவது அப்படித்தான், சால்வர் அதையும் எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒரு தடவை வெளியிட்ட ஃபைலை அதே பெயரில் மாற்றவே கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் புதுப் பெயர், புதுப் பதிப்பு எண். இல்லாவிட்டால் போன வருஷம் ஒருவர் அளந்ததும் இந்த வருஷம் இன்னொருவர் அளந்ததும் வேறு வேறு கணக்காகிவிடும், அது யாருக்கும் தெரியவும் தெரியாது.

பதிலைச் சரிபார்க்க சால்வரையே நம்ப வேண்டாம். பைத்தானில் தசமம் இல்லாமல் பின்னங்களாகவே கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு கட்டுப்பாடும் எவ்வளவு மீறுகிறது என்று சொல்லும் சின்ன நிரலை எங்கள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். முழு எண் மாறிகளை முதலில் அருகில் உள்ள முழு எண்ணுக்குத் திருப்பிவிட்டுச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த 9.6 டன் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

ஓசூர்_ஷிப்ட் · செவ்வாய், காலை 6.50

நைட் ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் ஆள் ஷிப்டும் மெஷின் வரிசையும் போடுகிறேன். என்னிடம் இரண்டு மாதத்துக்கு 60 நாள் ஃபைல் இருக்கிறது, மொத்தமாக ஏற்றிவிடட்டுமா?

அப்புறம் ஒரு சந்தேகம். மிப்லிப்பே பொது அழைப்பு விட்டுத்தானே கணக்கு வாங்கினார்கள், நமக்கு எதற்குத் தனித் தொகுப்பு? நேராக அங்கே அனுப்பிவிடலாமே.

தர்மபுரி_கணிதம் · செவ்வாய், காலை 9.10

அறுபதும் வேண்டாம் சார், ஒன்றுக்கொன்று குணம் மாறிய மூன்று போதும். சாதாரண நாள் ஒன்று, ஆள் பற்றாக்குறை நாள் ஒன்று, மெஷின் உடைந்த நாள் ஒன்று. தொகுப்பில் 20 கணக்கும் உங்களுடையது 60-ம் இருந்தால் சராசரி எடுக்கும்போது உங்கள் ஷிப்ட் கணக்கைத்தான் அளக்கிறோம், கூழும் கல்லும் இருந்த இடம் தெரியாது. மிப்லிப்பிலும் ஒரே குடும்பத்துக் கணக்குகள் குவிந்துவிடாமல் வரம்பு வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே அனுப்பலாமே என்றால், அடுத்த அழைப்பு வரும்போது கண்டிப்பாக அனுப்புவோம். அதற்கு முன் ஃபைல் சுத்தமாக, பதிலோடு, கதையோடு, உரிமத்தோடு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வேலைதான் இது. தவிர, தமிழில் எழுதிய கணக்குக் கதை என் பிள்ளைகளுக்கு வேண்டும். சந்தூர்ப் பக்கத்தில் இருந்து வரும் பெண்ணுக்கு மாங்கூழ் கணக்கு என்றால் பாதி மாடல் வீட்டிலேயே தெரியும்.

ஓசூர்_ஷிப்ட் · செவ்வாய், காலை 9.45

ஏற்றுக்கொள்கிறேன் மேடம். அப்படியானால் எப்படி அளப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுவோம், அதில்தான் சண்டை வரும். சராசரி நேரம் எடுத்தால் போதுமா?

பாலக்கோடு_கோடர் · செவ்வாய், இரவு 9.00

போதாது அண்ணா. மூன்று கணக்கு, இரண்டு சால்வர் என்று வைத்துக்கொள்வோம், நேரம் வினாடியில். முதல் சால்வருக்கு 1, 2, 3600. இரண்டாவதுக்கு 2, 40, 1800. சாதாரண சராசரி முதலுக்கு 1201, இரண்டாவதுக்கு 614, ஆக இரண்டாவது வெற்றி. ஒவ்வொரு நேரத்தோடும் 10 கூட்டி, பெருக்கி, கனமூலம் எடுத்து, 10 கழிக்கும் முறை ஒன்று இருக்கிறது, ஒப்பீட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் இதுதான். அதில் முதலுக்கு 68, இரண்டாவதுக்கு 93. இப்போது முதல் சால்வர் வெற்றி! ஒரே எண்கள், ஜெயித்த ஆள் மாறிவிட்டார். பத்தைக் கூட்டுவது எதற்கு என்றால், 0.1 வினாடிக்கும் 0.2 வினாடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டாமல் இருக்க.

இதில் இன்னொரு குழி. நேர வரம்பு 3600 என்றால் அந்த 3600 நேரமே இல்லை, முடியவில்லை என்று அர்த்தம். அதனால் எத்தனை கணக்கு முடியவில்லை என்பதைத் தனியாக எழுத வேண்டும். டோலனும் மோரேயும் 2002-இல் சொன்ன செயல்திறன் வரைபடத்தையும் கூடவே போட்டால் நல்லது. மிக வேகமான சால்வரைப் போல இரண்டு மடங்கு நேரத்துக்குள் எத்தனை கணக்கை முடித்தது, நாலு மடங்குக்குள் எத்தனை என்று ஒரே கோட்டில் தெரியும்.

அப்புறம் ஒரே ஓட்டத்தை நம்பக்கூடாது. கூழ் அண்ணாவின் முதல் ஃபைலில் கட்டுப்பாடுகளின் வரிசையை மட்டும் கலைத்து ஐந்து தடவை ஓட்டினேன். கணக்கு அதே கணக்கு, சால்வரும் அதே. ஒரு தடவை 40 வினாடி, ஒரு தடவை 11 நிமிஷம், மற்றவை நடுவில். எந்தச் சால்வருக்கும் இது நடக்கும், சால்வர் சாத்தியங்களைக் கிளை கிளையாகப் பிரித்துத் தேடும்போது சமநிலையில் எதை முதலில் எடுக்கிறது என்பதில் ஆரம்பித்துத் தேடல் மரமே வேறாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கணக்கையும் ஐந்து விதை எண்ணோடு (சால்வரின் தற்செயல் தேர்வுகளை மாற்றும் எண்) ஓட்டி ஐந்து நேரத்தையும் கொடுப்போம்.

கூழ்லைன்_கிரி · செவ்வாய், இரவு 10.20

தம்பி, எல்லாம் சரி. ஆனால் என் நிலையில் இருந்து ஒன்று. எனக்கு உத்தமத் திட்டம் என்று நிரூபிக்கவே வேண்டாம். 5 மணிக்குள் ஒரு நல்ல திட்டம் கையில் இருந்தால் போதும், 1 சதவீதம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. முடிக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் என்னைப் போன்றவர்களுக்கு அந்த அட்டவணை மறுபடியும் உதவாது. போன வருஷம் நான் ஏமாந்ததும் அதில்தான்.

பாலக்கோடு_கோடர் · செவ்வாய், இரவு 10.45

நியாயம் அண்ணா. அதற்கும் அளவுகோல் இருக்கிறது. டிமோ பெர்தோல்ட் 2013-இல் கொடுத்தது. நேரம் போகப் போகக் கையில் இருக்கும் திட்டம் தெரிந்த நல்ல பதிலில் இருந்து எவ்வளவு தூரம் என்று வரைந்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை எடுப்பது. சீக்கிரம் நல்ல திட்டம் தந்தால் பரப்பு சின்னது. இதற்கு நல்ல பதில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், மேடம் பதில் ஃபைல் கட்டாயம் என்றது இங்கேயும் உதவுகிறது. முடிக்கும் நேரம் ஒரு பட்டியல், இந்தப் பரப்பு ஒரு பட்டியல், இரண்டும் போடலாம்.

பென்னாகரம்_நீர் · புதன், காலை 11.30

குடிநீர்ப் பணியில் இருப்பவன். ஒகேனக்கல்லில் இருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் ஏற்றுவது உங்களுக்குத் தெரியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, பிள்ளைகள் பல்லில் மஞ்சள் கறை, அதற்காகவே வந்த திட்டம். எந்தப் பம்பை எந்த மணியில் ஓட்டுவது, மேல்நிலைத் தொட்டிகளை எப்படி நிறைத்து வைப்பது என்பது அருமையான கணக்கு. குழாயில் அழுத்த இழப்பு ஓட்டத்தின் 1.852 அடுக்கில் வருவதால் நேர்கோட்டு மாடலுக்கு அடங்காது. இதைத் தொகுப்பில் சேர்க்க ஆசை.

ஆனால் நிஜக் குழாய் வரைபடத்தையும் தொட்டி இடங்களையும் பொதுவில் வைப்பது சரியில்லை, அது லட்சக்கணக்கான பேர் குடிக்கும் தண்ணீர். சம்மதமே கிடைத்தாலும் நான் தர மாட்டேன்.

தர்மபுரி_கணிதம் · புதன், மதியம் 12.40

நீங்கள் சொல்வதுதான் சரி. நிஜ வலை வேண்டாம். மலையும் சரிவுமாக நம்ம நில அமைப்புபோலவே உயர வித்தியாசம் வைத்து, பத்துப் பன்னிரண்டு தொட்டி உள்ள ஒரு கற்பனை வலையை நீங்களே செய்து தாருங்கள், 'செயற்கைக் கணக்கு' என்று தெளிவாகப் போட்டுவிடுவோம். செய்த விதத்தையும் எழுதிவிட்டால் பிள்ளைகள் 20 தொட்டி, 50 தொட்டி என்று வளர்த்துப் பார்ப்பார்கள். நேர்கோட்டில் அடங்காத கணக்குகளைச் சேர்த்த மின்எல்பிலிப் தொகுப்பிலும் தண்ணீர் வலைக் கணக்குகள் உண்டு, வடிவத்துக்கு அவற்றைப் பாருங்கள்.

தர்மபுரி_கணிதம் · வியாழன், மாலை 5.15

ஒரு அவசரம். கூழ்லைன் சாரின் ஐந்தாவது ஃபைலை, அந்த டிரம் கணக்கு, பிள்ளைகள் இரண்டு சால்வரில் ஓட்டினார்கள். ஒன்று 418 டிரம் என்று திட்டம் தந்தது. இன்னொன்று சாத்தியமே இல்லை என்று ஒரு வினாடியில் சொல்லிவிட்டது. அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரு மாணவி எம்.பி.எஸ். (மாடலை சால்வருக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு வடிவம்) ஃபைலை வரிவரியாகத் தாளில் எடுத்து ஸ்கேல் வைத்துப் படித்துக் கண்டுபிடித்தாள். டிரம் எண்ணிக்கை மாறிகள் முழு எண் என்று குறிக்கும் இரண்டு மார்க்கர் வரிகளுக்கு நடுவே இருக்கின்றன, ஆனால் வரம்புகள் பகுதியில் அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. வரம்பு சொல்லாத முழு எண் மாறியை ஒரு சால்வர் 'மேல் வரம்பு இல்லை' என்று வாசிக்கிறது, இன்னொன்று பழைய வழக்கப்படி 0 முதல் 1 வரை என்று வாசிக்கிறது. அதன் கணக்கில் ஒரு வகைக் கூழுக்கு ஒரே டிரம்தான் அனுமதி, அப்புறம் எப்படிச் சாத்தியமாகும்?

இந்த வடிவம் துளை அட்டைக் காலத்தில் ஐ.பி.எம். கொண்டுவந்தது. முதல் பெயர் 5-ஆம் இடத்தில் இருந்து 12-க்குள், எண் 25-இல் இருந்து 36-க்குள் என்று இடம் பார்த்து எழுதியவை. அதன் சின்னச் சின்னச் சந்தேகங்களை ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி தீர்த்துக்கொண்டார்கள். பெயருக்குள் இடைவெளி விட்டால் ஒருவர் ஏற்பார், ஒருவர் இரண்டு பெயராக உடைப்பார். கீழ் வரம்பு 0 இருக்க மேல் வரம்பை மைனஸில் கொடுத்தால் ஒருவர் கீழ் வரம்பை முடிவிலிக்குத் தள்ளுவார், ஒருவர் சாத்தியமில்லை என்பார். அதனால் நம்ம தொகுப்பில் எல்லா மாறிக்கும் இரண்டு வரம்பும் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும், பெயரில் இடைவெளி கூடாது, குறைந்தது இரண்டு சால்வரில் ஓட்டி, அவை ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லவில்லை என்று பார்க்காமல் எந்த ஃபைலும் உள்ளே வராது. ஒப்புக்கொள்கிறீர்களா?

கூழ்லைன்_கிரி · வியாழன், மாலை 6.05

முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அந்த மாணவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் மேடம், கதைப் பத்தியில் அவள் கண்டுபிடித்ததையும் எழுதிவிடுகிறேன். மேல் வரம்பாக டிரம் கையிருப்பைப் போட்டு 1.1 என்று புதுப் பெயரில் ஏற்றியாயிற்று. பழையது 1.0 ஆகவே இருக்கட்டும்.

ஓசூர்_ஷிப்ட் · வெள்ளி, காலை 7.00

மூன்று ஃபைல் ஏற்றிவிட்டேன். ஆள் பெயர் எல்லாம் எடுத்தாயிற்று, ஷிப்ட் விருப்பங்களை மட்டும் விட்டிருக்கிறேன், அது இல்லாவிட்டால் கணக்கு சப்பென்று ஆகிவிடுகிறது. இரண்டு சால்வரும் மூன்றிலும் ஒரே பதில். மெஷின் உடைந்த நாள் மட்டும் 25 நிமிஷம் எடுத்தது.

பர்கூர்_கல் · சனி, மாலை 4.30

ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கல் ஃபைல் இரண்டு ஏற்றியிருக்கிறேன், ஒரே எண்ணால்தான் பெருக்கினேன், சின்னது அசல் மாதிரியே 40 நிமிஷம் இழுக்கிறது. பெரிய ஃபைலுக்கு அன்றைக்கு யார்டில் நிஜமாகச் செலவான 41 ஸ்லாபையே நல்ல பதில் என்று போட்டிருக்கிறேன். சால்வரை ராத்திரி பூராவும் விட்டேன், 39-க்குக் கீழே முடியாது என்கிறது, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. நிறம் சேர வேண்டும், வெடிப்பு உள்ள பக்கம் படக்கூடாது என்ற கட்டுப்பாடுகள்தான் கஷ்டம் கொடுக்கின்றன.

தர்மபுரி_கணிதம் · ஞாயிறு, மாலை 6.20

பர்கூர் சார், உங்கள் பெரிய ஃபைலுக்கு எங்கள் பிள்ளைகள் இருவர் 40 ஸ்லாபில் ஒரு பதில் கொண்டுவந்திருக்கிறார்கள். சால்வர் தந்த பாதித் திட்டத்தில் நிறம் வாரியாகச் சில வெட்டு முறைகளை நிறுத்திவைத்து, மீதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிடித்தது. பின்ன எண் சரிபார்ப்பில் மீறல் பூஜ்யம். 41-ஐ எடுத்துவிட்டு 40-ஐப் போட்டிருக்கிறேன், யார் எப்போது கண்டது என்ற வரியோடு.

பர்கூர்_கல் · ஞாயிறு, இரவு 8.10

மேடம், ஓனரிடம் பதிலைக் காட்டினேன். ஒவ்வொரு ஸ்லாபாக விரல் வைத்துப் பார்த்தார். பதினேழாவது ஸ்லாபில் இரண்டு 90-ஐ நெட்டுக்குத்தாகத் திருப்பிப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இப்படி வெட்ட நமக்குத் தோன்றவே இல்லையே" என்றார். இன்னும் இரண்டு மாத ஆர்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், இந்த வாரம் தயார் செய்கிறேன்.

கூழ்லைன்_கிரி · ஞாயிறு, இரவு 9.15

இப்போதைக்குக் கூழ் ஐந்து, பழைய பதிப்புகள் தனி. ஷிப்ட் மூன்று, கல் இரண்டு, பென்னாகரம் சாரின் செயற்கைத் தண்ணீர் வலை வந்துகொண்டிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ரோஜா கட்டி அனுப்புகிறவர்கள், பாலக்கோடு தக்காளி மண்டியில் லாரி பிரிக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் இந்த இழைக்கு அழைத்து வாருங்கள். கல் ஃபைலுக்கு 39 முடியுமா, 40தான் கடைசியா என்பது திறந்தே இருக்கிறது. நல்ல மெஷின் வைத்திருப்பவர்கள் ராத்திரி ஓட விட்டுப் பாருங்கள், எது வந்தாலும் ஐந்து விதை எண்ணோடு இங்கே போடுங்கள்.